வெள்ளிக் காசின் கறுப்பு

வெள்ளி ரூபாய் கடைத்தெருவை விட்டுச் சென்று நெடுங்காலம் ஆகிவிட்டது. 1940-ஆம் ஆண்டில், போர்க்கால நெருக்கடியின் காரணமாக, ரூபாயில் இருந்த வெள்ளி பாதி அளவாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. அத்துடன் வெள்ளி அன்றாடப் பணமாகப் புழங்கிய காலம் முடிந்தது.

ஆனால், கடைத்தெருவை விட்டுப் போன காசு வீட்டை விட்டுப் போகவில்லை. வட இந்திய இல்லங்களில் தீபாவளித் திருமகள் பூசையின்போது, விக்டோரியா அரசியின் தலையும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் பொறித்த ரூபாய்கள் இன்றும் பூசைத் தட்டில் இடம் பெறுகின்றன. இமயமலைச் சாரலிலும் மத்திய இந்தியப் பழங்குடி மக்களிடையிலும் அவை கழுத்தணிகளாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. வேறு பல வீடுகளில், பாட்டி விட்டுச்சென்ற பெட்டியின் அடியில், ஒரு துணி முடிப்புக்குள் உறங்குகின்றன. இவையன்றி, காசுகளைத் தேடிச் சேர்க்கும் ஆர்வலர் கூட்டமும் நாளுக்கு நாள் பெருகி வருகிறது.

இந்தக் காசுகள் அனைத்துக்கும் பொதுவாக நேர்வது ஒன்று உண்டு. அவை கறுத்துப்போகின்றன. கறுத்த காசைக் கண்டதும் நம் கை தானாகவே புளியையும் திருநீற்றையும் நாடுகிறது. வெள்ளிக் குத்துவிளக்கையும் பால் கிண்ணத்தையும் தேய்த்துப் பழகிய கை அல்லவா? இரண்டு நிமிடத்தில் காசு பளிச்சிடுகிறது, மனமும் நிறைகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் நூறு ஆண்டு வரலாற்றில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விட்டது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கிண்ணத்தைத் தேய்ப்பது தவறன்று. கிண்ணம் பயன்படுவதற்காக உள்ளது. அது தூய்மையாக இருக்கவேண்டும். காசோ இப்போது எதற்கும் பயன்படுவதில்லை. அது ஒரு சாட்சி. சாட்சியின் முகத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று மகிழ்வதில் பொருள் இல்லை.

இதனைத் தெளிவாக உணர வேண்டுமானால், ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். காசின் மேல் உள்ள அழுக்கு வேறு. காசின் கறுப்பு வேறு. அழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், குங்குமம், மண், பிளாஸ்டிக் உறையின் பசை ஆகியவை இந்த வகை. கறுப்போ வெளியிலிருந்து வந்து படிந்த பொருள் அன்று. காசின் வெள்ளியே உருமாறி அவ்வாறு ஆகியிருக்கிறது.

அது எவ்வாறு நிகழ்கிறது? காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றம் இதனுடையதே. சாக்கடையிலிருந்தும், நிலக்கரிப் புகையிலிருந்தும், கம்பளி, ரப்பர் போன்ற பொருள்களிலிருந்தும் கந்தகச் சேர்மங்கள் வெளிப்படுகின்றன. வெள்ளியின் மேற்பரப்பில் உள்ள அணுக்கள் இந்தக் கந்தகத்தோடு கூடி, வெள்ளி சல்பைடு என்னும் புதுப் பொருளாகின்றன. அந்தப் பொருளின் நிறம் கறுப்பு. ஈரக் காற்றில் இது விரைந்து நடைபெறும். உலர்ந்த காற்றில் மெல்ல நடைபெறும்.

இந்தப் படலம் ஒரே நாளில் கறுப்பதில்லை. முதலில் காசு இளமஞ்சளாகிறது. பின்னர் பழுப்பும் செம்மையும் கலந்த நிறம் கொள்கிறது. அடுத்து ஊதா, நீலம் ஆகிய நிறங்கள் தோன்றுகின்றன. படலம் நன்கு தடித்த பின்னரே கறுப்பு வருகிறது. மழைநாளில் தார்ச் சாலையில் சிந்திய எண்ணெய் வானவில்லாக மின்னுகிறதே, அதே காரணத்தால்தான் இந்த நிறங்களும் உண்டாகின்றன. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கூடியும் குலைந்தும் நிறம் காட்டுகின்றன. முதல் நிறங்கள் தோன்றும்போது படலத்தின் கனம் ஏறத்தாழ ஒரு மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பல்லாண்டுகள் அமைதியாக இருந்த காசில் இந்த நிறங்கள் விளிம்பிலிருந்து நடு நோக்கிப் படிப்படியாக இறங்கியிருக்கும். நாணயம் சேர்ப்போர் அத்தகைய காசைக் கண்டால் விடமாட்டார்கள். இல்லத்தரசிக்குக் கறையாகத் தெரிவது அவர்களுக்கு முதுமையின் அழகாகத் தெரிகிறது.

ஆகவே, கறுப்பை நீக்குவது என்றால் உருமாறிய வெள்ளியை நீக்குவது என்று பொருள். அழுக்கை எடுத்தால் காசு அப்படியே எஞ்சும். கறுப்பை எடுத்தால் காசில் ஒரு பகுதி குறையும். இன்று நான் சொல்ல வந்த செய்தி அனைத்தும் இந்த ஒன்றில் அடங்கும்.

மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். நாணயச்சாலையில் அச்சுகளுக்கு இடையே வெள்ளி வில்லை நசுக்கப்படும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாகக் காசின் முகத்தில் பதிந்துவிடுகிறது. புழங்காத காசை விளக்கொளியில் மெல்லத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஒளி சுழல்வதைக் காணலாம். அந்த ஒளி இக்கோடுகளால் வருவது. அவற்றின் முனைகள் ஒருமுறை கரைந்துவிட்டால், உலகில் எந்தப் பட்டறையிலும் அவற்றை மீண்டும் உண்டாக்க முடியாது. தேய்த்த காசு பளபளக்கும். ஆனால் அதில் ஒளி சுழலாது.

இழப்பு ஒளியோடு நிற்பதுமில்லை. விக்டோரியா அரசியின் ரூபாய்களில் 1862 என்ற ஆண்டு பொறித்தவை மிகுதி. அவை எல்லாம் அந்த ஒரே ஆண்டில் அடிக்கப்பட்டவை அல்ல. 1874 வரையிலும் ரூபாயில் அதே ஆண்டுதான் பொறிக்கப்பட்டு வந்தது. பம்பாய் நாணயச்சாலையார், உண்மையில் அடித்த ஆண்டினைக் குறிப்பதற்காகப் பின்புறத்தில், ஆண்டின் கீழும், மேலே ஒன்று என்னும் ஆங்கிலச் சொல்லின் அருகிலும், சிறு சிறு புள்ளிகளை வைத்தனர். ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் காசின் வயது மாறும். கடுகினும் சிறிய அந்தப் புள்ளி, ஏற்கெனவே பல கைகளில் புரண்டு தேய்ந்து நிற்கிறது. அதன்மேல் சாம்பலை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

1911-ஆம் ஆண்டு ரூபாயை அறிந்தவர்கள் பலர் இருப்பீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அணிந்த அங்கியில் ஒரு சிறு யானை உருவம் உண்டு. அதன் துதிக்கை குட்டையாக இருந்ததால் அது பன்றியைப் போலத் தோன்றுகிறது என்று மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. மறு ஆண்டு அச்சு திருத்தப்பட்டது. ஓர் அரசாங்கத்தையே அச்சினை மாற்றச் செய்த அந்தத் துதிக்கை, காசின் முகத்தில் எள்முனை அளவினது. வரலாறு சில வேளைகளில் அவ்வளவு சிறிய இடத்தில்தான் குடியிருக்கிறது.

இனி, வழக்கில் உள்ள துலக்கும் முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாம்பல், செங்கற்பொடி, பற்பசை ஆகியவை எல்லாம் அராவும் பொருள்கள். வெள்ளி மென்மையான உலோகம். சாம்பலிலும் சில பற்பசைகளிலும் உள்ள மணல் போன்ற நுண்துகள்கள் அதைவிடப் பன்மடங்கு கடினமானவை. தேய்க்கும்போது அவை காசின் முகமெங்கும் கீறல்களைப் பதிக்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஏர் உழுத நிலம்போல் தெரியும். மென்மையான துணிகூடத் தூசியோடு சேர்ந்தால் இதே வேலையைச் செய்யும்.

புளி, எலுமிச்சை ஆகியவற்றில் உள்ளவை அமிலங்கள். 1835-ஆம் ஆண்டு முதல் அடிக்கப்பட்ட சீரான ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு பங்கு செம்பு. அமிலம் வெள்ளியைக் காட்டிலும் செம்பையே எளிதில் பற்றும். மேற்பரப்பிலிருந்து செம்பு நீங்கினால், காசின் முகம் நுண்துளைகளோடு வெளிறிப்போகும். 1940-க்குப் பிந்தைய ரூபாய்களில் இந்தத் தீங்கு மிகப் பெரிது. அவற்றில் வெள்ளி பாதிதான். நூற்றுக்கு நாற்பது பங்கு செம்பு. எஞ்சிய பத்துப் பங்கு நிக்கலும் துத்தநாகமும். அவற்றைப் புளியில் ஊறவைப்பது, அரிசியையும் உப்பையும் கலந்து நீரில் இட்டது போலாகும். உப்புக் கரைந்து அரிசி மட்டும் மிஞ்சுகிறது.

சோடா உப்பு கலந்த வெந்நீரில் அலுமினியத் தகட்டின்மேல் காசை வைக்கும் முறை ஒன்று பெரிதும் போற்றப்படுகிறது. அங்கே நடைபெறுவது ஒரு மின்வேதி வினை. அலுமினியம் கரைய, வெள்ளி சல்பைடு மீண்டும் வெள்ளியாகிறது. அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது. வெள்ளி குறைவதில்லையே என்று இதனை ஆதரிப்பர். தட்டுக்கும் தம்ளருக்கும் இது நல்ல முறைதான். ஆனால் திரும்பி வரும் வெள்ளி, தான் இருந்த இடத்தில் இருந்தபடியே சென்று அமர்வதில்லை. இடிந்த சுவரின் செங்கல்லை அதே இடத்தில் குவித்துவைத்தால் சுவராகிவிடாது அல்லவா? காசின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒளியிழந்து நிற்கும்.

காசு கழுவும் மருந்து என்று புட்டிகளில் விற்கப்படும் திரவங்கள் பலவற்றில் தயோயூரியாவும் அமிலமும் சேர்ந்திருக்கும். கறுப்பு சில நொடிகளில் மறையும். மறைவது கறுப்பாக மாறியிருந்த வெள்ளி. ஒருமுறை நனைத்தால் ஓரளவு. பலமுறை நனைத்தால் காசு உயிரற்ற வெண்மை அடையும். தயோயூரியா உடலுக்கும் நல்லதன்று. குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்கு இடம் இல்லை.

இவ்வளவும் செய்யக்கூடாது என்றால், செய்யக்கூடியது எது? அழுக்கை நீக்கலாம். அதற்கு இரண்டு திரவங்கள் போதும். ஒன்று காய்ச்சி வடித்த நீர். மற்றொன்று தூய அசிட்டோன்.

மண்ணும் தூசியும் படிந்த காசைக் கண்ணாடிக் கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கவேண்டும். குழாய் நீரில் குளோரினும் உப்புகளும் இருப்பதால் அது ஆகாது. நீரை அவ்வப்போது மாற்றிக்கொண்டே சில நாட்கள் பொறுத்திருந்தால், மண் தானாகவே இளகும். விரலாலும் தூரிகையாலும் தேய்க்கும் ஆசையை அடக்கவேண்டும். இந்தக் கலையில் கைத்திறனைக் காட்டிலும் பொறுமையே பெரிது.

விளக்கெண்ணெய்ப் பிசுக்கும், மஞ்சள் கறையும், பிளாஸ்டிக் உறைகள் விட்டுச்சென்ற பசையும் நீரில் கரைவதில்லை. அவற்றுக்கு அசிட்டோன் வேண்டும். அது வெள்ளியையும் தொடுவதில்லை, வெள்ளி சல்பைடையும் தொடுவதில்லை. வெளியிலிருந்து வந்த பிசுக்கை மட்டும் கரைக்கிறது. ஆகவே காசின் இயற்கை நிறம் அப்படியே நிற்கும். நகச்சாயம் நீக்கும் திரவம் அசிட்டோன்தானே என்று அதனைப் பயன்படுத்தலாகாது. அதில் மணப்பொருளும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்போ பூசை விளக்கோ எரியும் அறையில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. சன்னல்களைத் திறந்துவைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடங்கள் காசை ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் மறுமுறை அலசி, காற்றில் உலரவிட்டால் போதும்.

பச்சை நிறம் கண்டால் சற்று நின்று யோசிக்கவேண்டும். பச்சையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் கிடந்த காசில் படியும் வழுவழுப்பான பச்சை. அந்த உறை காலப்போக்கில் சிதைந்து அமிலத்தைக் கக்குகிறது. அமிலம் காசிலுள்ள செம்பைத் தின்னத் தொடங்குகிறது. இதனை விட்டுவைத்தால் காசு அரிக்கப்படும். எனவே உடனே உறையிலிருந்து எடுத்து அசிட்டோனில் அலசவேண்டும். மற்றொன்று, செம்பில் ஏறும் களிம்பு. அது கெட்டியாக, கல்போல் ஒட்டியிருக்கும். அசிட்டோனுக்கு அது அசையாது. அதனைச் சுரண்டினால் களிம்போடு காசும் வரும். விலைமதிப்புள்ள காசாயின் அதனைத் தேர்ந்தவர்களிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

மண்ணிலிருந்து கிடைக்கும் காசுகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பல நூற்றாண்டுகள் உப்பு மண்ணில் கிடந்த வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளி குளோரைடாக மாறியிருக்கும். அது சாம்பல் நிறம் கொண்டு, மாட்டுக் கொம்பின் மேற்பரப்பைப்போல் தோன்றும். அம்மோனியாவில் அது கரையும் என்று சிலர் அறிந்துவைத்திருக்கிறார்கள். கரைவது உண்மை. ஆனால் காசின் எழுத்தும் உருவமும் அந்தப் படலத்திலேயே எஞ்சியிருக்கக்கூடும். படலம் கரைந்தால் எழுத்தும் கரையும். அன்றியும், வெள்ளி கலந்த அம்மோனியா நீரை மூடிவைத்தால், நாளடைவில் அது வெடிக்கும் பொருளாக மாறக்கூடும். இது வீட்டில் செய்யும் வேலை அன்று. ஆய்வுக்கூடங்களில், மிக மெல்லிய மின்னோட்டத்தால் குளோரைடைத் திரும்ப வெள்ளியாக்கி உருவத்தைக் காப்பாற்றும் முறை இருக்கிறது. செம்புக் களிம்பை மட்டும் கரைத்து வெள்ளியை விட்டுவிடும் ஃபார்மிக் அமில முறையும் இருக்கிறது. நம் நாட்டில் தொல்பொருள் இலாகா 1917-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பணிக்கென இரசாயன நிபுணரை அமர்த்தியது. 1976-இல் லக்னோவில் பண்பாட்டுப் பொருள்களைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு தேசிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது.

புதையல் காசை ஏன் இவ்வளவு கருத்தோடு கையாளவேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நம் நாட்டின் மிகப் பழைய வெள்ளிக் காசுகள் முத்திரை குத்திய காசுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரைக் கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. அவற்றில் அரசன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. சூரியன், மரம், குன்று, விலங்கு போன்ற சின்னங்கள் மட்டுமே உண்டு. அவற்றின் காலத்தை எவ்வாறு அறிவது? புனேயில் கணிதப் பேராசிரியராக இருந்த டி. டி. கோசம்பி 1940-களில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். தட்சசீலத்தில் கிடைத்த புதையல்களின் எடைகளைக் கணித முறைப்படி ஆராய்ந்தார். ஆயிரக்கணக்கான காசுகளைத் தாமே நிறுத்தும் பார்த்தார். காசு கைமாறக் கைமாறத் தேயும்; தேயத் தேய எடை குறையும். பழந்தமிழர் வண்ணக்கர் என்று அழைத்ததுபோன்ற நாணயப் பரிசோதகர்கள் பின்புறத்தில் இட்ட சிறு குறிகள் கூடக்கூட எடை குறைந்து வருவதை அவர் கண்டார். அந்தத் தேய்மானத்தைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த முயன்றார். அவருடைய முடிவுகளில் சிலவற்றை அறிஞர்கள் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் காசின் எடையே ஒரு வரலாற்று ஆவணம் என்பதை அவர் நிலைநாட்டினார்.

அந்தக் காசுகளை யாரேனும் நல்லெண்ணத்தோடு புளியில் ஊறவைத்துத் தேய்த்திருந்தால், இரண்டாயிரம் ஆண்டுகளில் சந்தை தேய்த்தது எவ்வளவு, நேற்று நாம் தேய்த்தது எவ்வளவு என்று பிரித்தறிய எந்தக் கணிதத்தாலும் இயலாது.

ஏர்முனையில் பானையொன்று தட்டுப்பட்டு அதில் காசுகள் இருந்தால், அவற்றைக் கழுவவும் வேண்டாம்; ஒன்றோடொன்று ஒட்டியவற்றைப் பிரிக்கவும் வேண்டாம்; பானையை எறியவும் வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. துலக்கிய காசுக்கு விலை குறைவு என்பதை அறிந்த சிலர், துலக்கிய பின் கந்தகப் பொருள்களால் மறுபடியும் நிறமேற்றி விற்கிறார்கள். இயற்கையில் படிந்த நிறம் காசின் மேடு பள்ளங்களை அனுசரித்துப் படிப்படியாகச் செல்லும். செயற்கை நிறம் கீறல்களின்மேல் திட்டுத்திட்டாக நிற்கும். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குகிறது. காசு விற்பவர்கள் அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் நினைவிற்கொள்வது நன்று. வாங்குபவர்களும், வெளுத்ததெல்லாம் பால் அன்று என்பதை மறவாதிருக்கவேண்டும்.

கறுப்பு வந்தபின் வருந்துவதைவிட, மெல்ல வரும்படி செய்வது மேல். காசை விளிம்பைப் பிடித்தே எடுக்கவேண்டும். விரல் வியர்வையின் உப்பு முகத்தில் பட்டால், ரேகை அப்படியே பதிந்துவிடும். ரப்பர் வளையம், கம்பளித் துணி, செய்தித்தாள், மலிவான அட்டைப் பெட்டி ஆகியவை ஆகா. அமிலம் இல்லாத காகித உறையோ பாலியெஸ்டர் உறையோ நன்று. பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா குருணைகளைச் சிறு பையிலிட்டு வைக்கலாம்.

பூசைக்கென்று கடையில் வாங்கிய புதிய வெள்ளிக் காசுகளைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். திருமகள் உருவம் பொறித்த அவை வழிபாட்டுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை விளக்கைத் துலக்குவதுபோலத் துலக்கிக்கொள்ளலாம். ஆனால் அதே தட்டில் மூதாதையர் விட்டுச்சென்ற ரூபாய் ஒன்று இருந்தால், அதனைத் தனியே எடுத்துவையுங்கள். அது கறுத்திருந்தால் பூசைக்கு யாதொரு குறையும் இல்லை. துலக்குவதா வேண்டாமா என்ற ஐயம் எழுமாயின், வேண்டாம் என்றே முடிவு செய்யுங்கள். இன்று துலக்காத காசை நாளை துலக்கிக்கொள்ளலாம். இன்று துலக்கிவிட்ட காசை, நாளை எவராலும் பழையபடி ஆக்க முடியாது.